ஏவற்பொறியும் எதிர்த்திசையும்

மலையகத் தோட்டத்து மக்கள் 'ஸ்டோர்' என்று வழங்கும் தேயிலைத் தொழிற்சாலைகளில், முற்காலத்தில் நீண்டதோர் இரும்புத் தண்டு இடைவிடாது சுழன்றுகொண்டிருக்கும். நீர்விசையாலோ எண்ணெய் எஞ்சினாலோ இயங்கிய அத்தண்டிலிருந்து பட்டைகள் இறங்கி, கொழுந்தை உருட்டும் இயந்திரங்களையும் சலிக்கும் இயந்திரங்களையும் ஓட்டின. இத்தகைய அமைப்பில் ஓர் இயந்திரம் எதிர்த்திசையில் சுழல வேண்டுமாயின், பட்டையை நேராக மாட்டாமல் 8 என்னும் இலக்கம் போலக் குறுக்காக மாட்டினாற் போதும்.

ஆனால், எல்லாப் பொறிகளும் இவ்வளவு எளிதில் இணங்குவதில்லை. தன் வேலையைத் தானே அளந்து திருத்திக்கொள்ளும் பொறியில் ஓரிடத்தில் மட்டும் திசையை மாற்றினால், அது எதிர்த்திசையில் இயங்குவதில்லை, கட்டுக்கடங்காமலே போய்விடுகிறது. இத்தகைய பொறிக்குச் 'சேர்வோ' என்று பெயர். அடிமையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த இப்பெயரை, கப்பலின் சுக்கானைத் திருப்பும் நீராவிப் பொறிக்கு 19ஆம் நூற்றாண்டில் இட்டவர் ஃபார்க்கோ என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளர்.

இதன் பெரிய உருவத்தைக் காண அட்டனுக்கு அப்பால் உள்ள லக்சபான நீர்மின் நிலையத்தை நினைத்துப் பார்க்கலாம். மலைநாட்டு ஆறுகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்று 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. அவர் கண்ட கனவு, 1950ஆம் ஆண்டில் இந்நிலையம் இயங்கத் தொடங்கியபோது நனவாயிற்று. நோட்டன் பிரிட்ஜ் அணையில் தேங்கும் நீர், சுரங்கத்தின் வழியாகவும் குழாய்களின் வழியாகவும் பாய்ந்து இறங்கி, அங்கே பெல்ட்டன் சக்கரங்களைச் சுழற்றுகிறது.

மாலையில் ஊரெங்கும் விளக்குகள் எரியும்போது மின்பிறப்பாக்கியின் சுமை ஏறுகிறது. சக்கரத்தின் வேகம் குறையப் பார்க்கிறது. நள்ளிரவில் சுமை இறங்குகிறது. வேகம் கூடப் பார்க்கிறது. இவ்விரு வேளைகளிலும் வேகத்தை ஒரே நிலையில் நிறுத்துவது வேகச் சீராக்கி. பழைய வகைச் சீராக்கிகளில் சுழலும் இரு குண்டுகள் இருக்கும். வேகம் கூடினால் குண்டுகள் விரியும். அவ்வசைவு ஒரு சிறு வால்வைத் திறக்கும். அழுத்தமுள்ள எண்ணெய் பாய்ந்து சேர்வோவின் உந்துதண்டைத் தள்ளும். நீர் பீறிடும் வாயிலிலுள்ள ஊசி அடைபடும். வேகம் குறைந்தாலோ ஊசி திறக்கும்.

இங்கே திசை தலைகீழானால் நேர்வது யாது? வேகம் கூடும்போது ஊசி மேலும் திறக்கும். திறக்கத் திறக்க வேகம் இன்னும் கூடும். தடையற்று ஓடும் பெல்ட்டன் சக்கரத்தின் வேகம், உரிய வேகத்தின் இருமடங்கை நெருங்கக்கூடும். ஊசியைத் திடீரென்று அடைப்பதும் ஆகாது. குழாயில் ஓடிவரும் நீர் அதிர்ந்து மோதிக் குழாயையே பிளந்துவிடலாம். ஆதலால் ஒரு தகடு முதலில் நீர்த்தாரையைச் சக்கரத்தினின்றும் விலக்கிவிட, ஊசி பின்னர் மெல்ல அடைபடுகிறது.

இதே தத்துவம் உள்ளங்கையில் அடங்கும் உருவிலும் உண்டு. வானொலி அலைகளால் இயக்கப்படும் மாதிரி விமானத்தில் இறக்கை மடல்களையும் சுக்கானையும் அசைப்பது ஒரு சிறு சேர்வோப் பெட்டியே. அதனுள் ஒரு மோட்டார், சில பற்சக்கரங்கள், கை எங்கே நிற்கிறது என்பதை அளந்து சொல்லும் மாறுதடை ஒன்று, கட்டளையையும் அளவையும் ஒப்பிடும் மின்சுற்று ஆகியவை உள்ளன. கட்டளை, வினாடிக்கு ஏறத்தாழ 50 முறை வரும் மின்துடிப்பாகும். துடிப்பு 1.5 மில்லிவினாடி நீடித்தால் கை நடுவில் நிற்கும். கூடினால் ஒரு பக்கமும், குறைந்தால் மறுபக்கமும் திரும்பும். கட்டளைக்கும் கையின் நிலைக்கும் உள்ள வேறுபாடு மறையும் வரை மோட்டார் சுழலும்.

இச்சேர்வோவை எதிர்த்திசையில் இயக்க விரும்பும் இளைஞர், மோட்டாரின் இரு கம்பிகளை இடம் மாற்றினாற் போதும் என்று எண்ணக்கூடும். அவ்வாறு செய்தால், கை நகர நகர வேறுபாடு குறைவதற்கு மாறாகப் பெருகும். கை ஓர் ஓரத்துக்கு ஓடி முட்டிக்கொண்டு நிற்கும், மோட்டார் சூடேறும், பற்சக்கரத்தின் பல்லும் உடையலாம். மோட்டாரின் கம்பிகளோடு மாறுதடையின் இரு ஓரக் கம்பிகளையும் சேர்த்து மாற்ற வேண்டும். செய்பவனின் திசை மாறும்போது அளப்பவனின் திசையும் மாற வேண்டும் என்பதே இதன் சூட்சுமம்.

பெரும்பாலும் பெட்டியைத் திறக்கவே வேண்டியதில்லை. இக்காலத்துக் கட்டுப்பாட்டுக் கருவிகளில் திசைமாற்றும் வசதி உண்டு, அது 1.3 மில்லிவினாடித் துடிப்பை 1.7 ஆக மாற்றி அனுப்பும். இழுகம்பியைக் கையின் மறுபக்கத்தில் பொருத்துவதும் ஒரு வழியே. எதிரெதிராகப் பொருத்திய இரு சேர்வோக்கள் ஒரே கட்டளையைப் பகிர்ந்துகொண்டு, மடல்களை ஒரே திசையில் அசைக்க வேண்டிய இடத்தில்தான் ஒன்றின் உள்ளமைப்பை மாற்றும் தேவை எழும்.

எம்முறையைக் கையாண்டாலும், பறக்கவிடுமுன் ஒரு சோதனை இன்றியமையாதது. விமானத்தின் பின்புறம் நின்று கட்டுப்பாட்டுக் கோலை வலப்புறம் சாய்த்தால், வல இறக்கையின் மடல் மேலே எழவும் இட இறக்கையின் மடல் கீழே இறங்கவும் வேண்டும். அவை மாறி அசைந்தால், தரையைவிட்டு எழுந்த சில விநாடிகளிலேயே விமானம் கவிழ்ந்து விழும். காப்பாற்ற முயலும் ஒவ்வோர் அசைவும் அதை மேலும் கவிழ்க்கும். தரையில் நிற்கும்போது அரை நிமிடம் செலவிட்டு இதைப் பார்த்துக்கொண்டால், பல வாரம் உழைத்துச் செய்த விமானம் பிழைத்துவிடும்.