உழவு இயந்திரம் இடையில் நின்றால் காரணம் காணும் முறை

நாவுலப் பகுதிக் கமக்காரர் பலருக்கு இருசக்கர உழவு இயந்திரம் வயலுக்கும் வீதிக்கும் பொதுவான துணையாகும். முன்னாளில் இங்கிலாந்திலிருந்து வந்த ஒருவகை இயந்திரத்தின் பெயரால் இதனை இன்றும் லான்ட்மாஸ்டர் என்றே அழைப்போர் உளர். சேற்றை உழுவதும், பெட்டி பூட்டியபின் கத்தரியையும் வெங்காயத்தையும் தம்புள்ளைச் சந்தைக்கு ஏற்றிச் செல்வதும் இதுவே. போகக் கூட்டத்தில் குறித்த நாளில் வாய்க்காலில் நீர் வந்து, அந்நேரம் இயந்திரம் இயங்க மறுத்தால், அயல் வயல்களோடு ஒருங்கே விதைக்கும் வாய்ப்புக் கைநழுவிவிடும்.

நன்றாகத் தொடங்கிய இயந்திரம் சிறிது நேரம் உழுதபின் வலுக்குன்றி நிற்பதும், சற்றுப் பொறுத்துச் சுழற்றினால் மீண்டும் இயங்கிப் பின்னரும் நிற்பதும் பொதுவான முறைப்பாடு ஆகும். இதனைக் கண்டவுடன் டீசல் பம்பையும் நொசிலையும் கழற்ற முற்படுவது நாடி பாராது மருந்து கொடுப்பதை ஒக்கும். பம்பினுள் அசையும் தண்டுக்கும் அதன் உறைக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திற் சில பங்கே. வயல் வரம்பில் வைத்துக் கழற்றினால் அங்குள்ள தூசியே அதற்குக் கேடாகும். ஆதலால் டீசல் செல்லும் வழியைத் தாங்கியிலிருந்து தொடங்கி, ஒருமுறைக்கு ஒன்றாகச் சோதித்தல் வேண்டும். இரண்டினை ஒருங்கே மாற்றினால் எது குற்றவாளி என்பது தெரியாது போகும்.

முதலிற் புகையைப் பாருங்கள். சுழற்றும்போது புகையே வராவிடின் டீசல் உள்ளே சேரவில்லை எனலாம். வெண்புகை வந்தால் டீசல் சேர்கிறது, ஆனால் எரியவில்லை. உழும்போது கரும்புகை மிகுந்தால் காற்று வடிகட்டி அடைபட்டுள்ளதோ எனப் பாருங்கள்.

அடுத்தது தாங்கியின் மூடி. அதிலுள்ள சிறு துவாரத்தைச் சேறு அடைத்துவிட்டால், டீசல் குறையக் குறைய அவ்விடத்தை நிரப்பக் காற்று வாராது, டீசலும் கீழிறங்காது. இயந்திரம் நின்றபின் காற்று மெல்லக் கசிந்து புகுவதால் மீண்டும் இயங்கும். தாங்கியின் அடியிற் படிந்த கசடும் இதே குறியைக் காட்டும். ஓட்டத்தோடு வந்து வாயை அடைக்கும் கசடு, இயந்திரம் நின்றதும் திரும்பப் படிந்துவிடும். இரண்டையும் பிரித்தறிவது எளிது. வலுக்குன்றத் தொடங்கும்போதே மூடியைத் தளர்த்துங்கள். சிறிது நேரத்தில் தேறினால் குற்றம் மூடியுடையது. ஒரு மெல்லிய கம்பியே மருந்து. தேறாவிடின் மேலே செல்க.

இயந்திரத்தை நிறுத்தி, பம்பில் டீசல் நுழையுமிடத்துக் குழாயைக் கழற்றி, வால்வைத் திறந்து ஒரு கண்ணாடிப் போத்தலிற் பிடியுங்கள். குமிழியின்றி ஒரே தாரையாய் ஒழுகுதல் வேண்டும். மெலிந்து ஒழுகினால் வடிகட்டிக்கு முன்னுள்ள குழாயிற் பாருங்கள். அங்கே நன்றாக வந்தால் வடிகட்டியை மாற்றுதல் போதும். அங்கும் மெலிந்தால் தாங்கியைக் கழுவுதல் வேண்டும். பிடித்த போத்தலை அரைமணி நேரம் அசையாது வையுங்கள். நீர் டீசலினும் பாரமானது. ஆகையால் அடியில் தெளிவான கோடிட்டு நிற்கும். நீருக்கும் டீசலுக்கும் இடையே நுண்ணுயிர் வளர்ந்து வழுவழுப்பான கசடு உண்டாவதுமுண்டு.

2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டில் வரிசையில் நின்று பெற்ற டீசலைக் கலன்களிலும் பீப்பாய்களிலும் சேமிக்க நேர்ந்தது. அரைகுறையாக நிரம்பிய கலத்தில் இரவுக் குளிரால் ஈரம் வியர்த்து நீராகும். அன்றைய கலன்களை இன்றும் பயன்படுத்துவோர் அவற்றின் அடியை ஒருமுறை நோக்குதல் நன்று. மலிவு கருதி மண்ணெண்ணெய் கலப்பதும் தகாது. 2022 ஆகஸ்டில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்ந்தபின் அந்த ஆதாயம் பெரிதும் குறைந்தது. அன்றியும், பம்புக்கு மசகாக இருப்பது டீசலே. மண்ணெண்ணெய்க்கு அவ்வழுவழுப்புப் போதாது.

தாங்கி வற்றியபோதும் குழாய் கழற்றியபோதும் உட்புகும் காற்றை வெளியேற்றுதல் அவசியம். பம்பிலுள்ள காற்றுத்திருகைத் தளர்த்தி, குமிழி நின்றபின் இறுக்குக. பின் நொசிற் பக்கத்து நட்டைச் சிறிது தளர்த்தி, அமுக்கம் குறைக்கும் நெம்பைப் பிடித்தபடி சுழற்றினால் டீசல் துடித்துத் துடித்து வரும், அப்பொழுது இறுக்குக. இயந்திரம் ஓடும்போது இந்நட்டைத் தொடலாகாது. நொசிலிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உட்செல்லும். காயம் ஊசிமுனையளவே தோன்றினும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

இத்தனையும் சரியாயிருந்தும் இயந்திரம் நின்றால் மாத்திரமே பம்பும் நொசிலும் ஐயத்துக்குரியன. அவற்றைச் சோதனைக் கருவி உள்ள பட்டறைக்கே கொண்டுசெல்லுங்கள். மூடி, வடிகட்டி, தாரை, புகை ஆகியவற்றிற் கண்டவற்றைப் பட்டறைக்காரரிடம் கூறினால் வீண் கழற்றலுக்கும் வீண் கூலிக்கும் இடமிராது. ஐயமிருப்பின் உங்கள் பிரிவு விவசாயப் போதனாசிரியரை, நீர் திறப்பதற்கு முந்திய வாரமே கண்டு கேளுங்கள்.