பாரைக்கும் சீலாவுக்கும் தூண்டில்: புதிதாகத் தொடங்குவோருக்குச் சில குறிப்புகள்

திருகோணமலையில் கடலைப் பார்த்தபடியே வளர்ந்து, ஒருநாளும் தூண்டில் போட்டறியாத ஒரு தலைமுறை இருக்கிறது. நானும் அதில் ஒருவன். பாஸ் நடைமுறை, இரவுத் தொழிலுக்குத் தடை, இயந்திர வலுவுக்குக் கட்டுப்பாடு, பாதுகாப்பு வலயம் என்று போர்க்காலத்தில் கடல் துண்டு துண்டாக மூடப்பட்டது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை வள்ளங்களையும் வலைகளையும் அள்ளிக்கொண்டு போனது. 2006 இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்களில் பலர் 2015 இற்குப் பிறகே ஊர் திரும்பினர். 2009 இற்குப் பின் கடல் தடைகள் படிப்படியாக நீங்கின. ஆனால் பத்து வயதில் அப்பாவிடம் கற்கவேண்டிய தொழிலைச் சொல்லிக்கொடுக்கப் பல வீடுகளில் அப்பா இல்லை. எங்கள் வீட்டிலும் இல்லை.

நான் தூண்டில் பழகத் தொடங்கியது முப்பது வயதுக்குப் பிறகு. அப்பாவின் கூட்டாளி ஒருவர், நாங்கள் மாமா என்று அழைப்பவர், திருக்கடலூர்க் கரையில் பொறுமையாகச் சொல்லித் தந்தார். அவரிடம் கற்றதையும் பிறகு நானாகப் பார்த்து அறிந்ததையும் இங்கே எழுதுகிறேன். வள்ளம் வேண்டாம், பெரிய முதலும் வேண்டாம். கரையில் நின்றே பெரிய வேட்டை மீன்களைப் பிடிக்கலாம்.

ஏன் இந்தக் கடலில்?

கொட்டியார்குடாவுக்குள் கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று நுழைகிறது. அது வெளிக்கடலை நோக்கி ஆயிரக்கணக்கான மீற்றர் ஆழத்துக்கு இறங்குகிறது. வேறு ஊர்களில் பல மைல் தூரம் ஓடித்தான் ஆழத்தைக் காணலாம். இங்கே ஆழம் கரைக்குக் கிட்ட வருகிறது. மூதூர்ப் பக்கம் மகாவலி கங்கை கடலில் விழுகிறது. ஆறு கொண்டுவரும் சத்தை நம்பிச் சிறுமீன் வரும். சிறுமீனைத் துரத்திப் பாரையும் சீலாவும் வரும்.

வேட்டை மீனுக்குத் தூண்டில் போடுவது காத்திருக்கும் வேலை. கனடாவின் ஒன்ராறியோவில் மஸ்கி என்றொரு நன்னீர் மீன் உண்டு. ஒரு மீற்றருக்கு மேல் வளரும். நீண்ட உடல், கூரிய பல். பத்தாயிரம் தடவை வீசினால்தான் ஒன்று அகப்படும் என்பது அங்கே சொல்வழக்கு. எங்கள் சீலாவும் உருவத்தில் அதற்குக் கிட்டத்தட்ட ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரி. அவ்வளவு நாள் காக்கவைக்காது என்றாலும், வெறுங்கையோடு திரும்பும் நாட்களே தொடக்கத்தில் அதிகம்.

என்ன வேண்டும்?

கைத்தூண்டிலே போதும். நூறு மீற்றர் தங்கூசியை ஒரு பிளாஸ்ரிக் போத்தலில் சுற்றிக்கொள்ளுங்கள். 30 முதல் 50 இறாத்தல் வரை தாங்கும் தங்கூசி நல்லது. அதன் நுனியில் ஈயம், அதற்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு மெல்லிய உருக்குக் கம்பி, கம்பியின் முனையில் தூண்டில் முள். கம்பியை மட்டும் விட்டுவிடாதீர்கள். சீலாவின் பல் தங்கூசியைக் கத்திபோல் அறுத்துவிடும்.

முடிச்சு இப்படி: தங்கூசியின் நுனியைக் கம்பியின் வளையத்துக்குள் விட்டு, அதே தங்கூசியைச் சுற்றி ஐந்து சுற்று சுற்றுங்கள். பிறகு நுனியை வளையத்தை ஒட்டியுள்ள முதல் ஓட்டைக்குள் நுழைத்து, எச்சிலால் நனைத்து மெதுவாக இறுக்குங்கள். நனைக்காமல் இறுக்கினால் உராய்வுச் சூட்டில் தங்கூசி பலம் இழக்கும்.

தடியும் றீலும் வாங்க வசதியிருந்தால் தூர வீசலாம். றீலின் இறுக்கத்தைத் தங்கூசி தாங்கும் பாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு வையுங்கள். அதற்கு மேல் மீன் இழுத்தால் றீல் தானாகத் தங்கூசியை விட்டுக்கொடுக்கும்; அறுந்துபோகாது.

முதல் நாளே பாரையைத் தேடவேண்டாம். சின்ன முள்ளில் இறால் துண்டு குத்தி விளைமீன், ஒரா போன்றவற்றைப் பிடித்துப் பழகுங்கள். மீன் கொத்துவதையும் அலை இழுப்பதையும் விரல் பிரித்தறிய வேண்டும். அதன் பிறகு சூடை, சிறு மணலை, கணவாய்த் துண்டு ஆகியவற்றைப் பெரிய முள்ளில் குத்தி வேட்டை மீனுக்குப் போடலாம்.

எப்போது, எங்கே?

விடியப்புறமும் மைமலும்தான் நேரம். வெளிச்சம் குறையும்போது சிறுமீனுக்குக் கண் மங்கும். வேட்டை மீனுக்கு அது வசதி. ஏப்ரல் தொடக்கம் செப்டெம்பர் வரை எங்கள் பக்கத்துக் கடல் பெரும்பாலும் அமைதி. நவம்பர் முதல் வாடைக்காற்றும் மழையும் வரும். அக்காலத்தில் வெளிக்கரைப் பாறைகளில் நிற்பது உயிருக்கு ஆபத்து.

திருகோணமலையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவுதான். ஆனாலும் ஒடுங்கிய வாய்களில் அதுவே நீரோட்டத்தை உண்டாக்கும். பாதையில் ஏறிக் கடந்த கிண்ணியாத் துறையில் 2009 இல் பாலம் திறக்கப்பட்டது. தம்பலகாமக் குடாவின் நீர் அந்த வாயால்தான் கடலோடு கலக்கிறது. இப்படியான இடத்தில் நீர் ஓடத் தொடங்கும் நேரத்தைக் கவனியுங்கள். நீர் ஓடாமல் நிற்கும்போது மீனும் இரைதேடி அலையாது.

ஒருமுறை இரண்டு மணித்தியாலம் ஒன்றும் படாமல் நான் எழும்பப் பார்த்தபோது மாமா சொன்னார்: "மருமோன், கடலைப் பாக்காத, குருவியப் பார்." தூரத்தில் கடற்குருவிகள் தண்ணீரில் விழுந்து எழும்பிக்கொண்டிருந்தன. அதற்குக் கீழே சூடைக் கூட்டம், அதற்கும் கீழே அதைத் துரத்தும் பாரை. அந்தக் கூட்டம் கரையை நோக்கி நகர்வதைப் பார்த்து இரையை முன்கூட்டியே போட்டோம். அன்றைக்கு இரண்டு கிலோவுக்குச் சற்றுக் கூடிய பாரை ஒன்று பட்டது.

மீன் பட்டால்

தங்கூசியை ஒருபோதும் கையில் சுற்றாதீர்கள். பெரிய பாரை இழுத்தால் விரலை அறுக்கும். பழைய சைக்கிள் ரியூப்பைச் சிறு வளையமாக வெட்டி விரலில் மாட்டிக்கொண்டால் பாதுகாப்பு. பாரை பாறையை நோக்கியே ஓடும். முதல் ஓட்டத்தைத் தடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சீலாவைக் கரைக்கு எடுத்த பிறகும் வாய்க்குள் விரலை விடக்கூடாது. குறட்டால் முள்ளைக் கழற்றுங்கள்.

பேத்தை அகப்பட்டால் எவ்வளவு கொழுத்திருந்தாலும் சமைக்கவேண்டாம். அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது. கெளிறின் முள் குத்தினால் கை தாங்கக்கூடிய சுடுநீரில் வைத்துவிட்டு வைத்தியசாலைக்குப் போங்கள்.

எங்கே போடக்கூடாது?

புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. அங்கே மீன்பிடிக்க முடியாது. உட்துறைமுகத்தில் கடற்படையின் கட்டுப்பாட்டிலுள்ள பகுதிகளை விட்டு விலகியே நில்லுங்கள். தேசிய அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். கரைவலைப்பாட்டில் வலை வளைத்திருக்கும் நேரம் தூண்டில் வீசவேண்டாம். நமக்கு அது பழக்கம், அவர்களுக்கு அது அன்றைய சோறு. வெடி வைத்து மீன்பிடிப்பது சட்டப்படி குற்றம். சிறுமீன் ஒதுங்கும் பாரையே அதனால் சிதைந்துபோகும்.

ஆளரவமற்ற கரைகளில் துருப்பிடித்த இரும்புப் பொருள் ஏதும் கண்டால் தொடாதீர்கள், தூக்கி எறியாதீர்கள். இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு விலகி, 119 இற்கு அறிவியுங்கள்.

யாரிடம் கேட்பது?

காணொளிகளில் முடிச்சுப் போடக் கற்கலாம். ஆனால் எந்தக் காற்றுக்கு எந்தக் கல்லடியில் எந்த மீன் நிற்கும் என்பது ஒவ்வொரு கரையிலும் வயதான சிலரின் தலைக்குள்தான் இருக்கிறது. சல்லியிலும் சாம்பல்தீவிலும் மூதூரிலும் கிண்ணியாவிலும் அப்படியானவர்கள் மாலையில் கரையில் குந்தியிருப்பார்கள். நான் கேட்டவர்களில் ஒருவர்கூடச் சொல்ல மறுக்கவில்லை. எங்கள் பிள்ளைகள் கேட்பதில்லை என்பதுதான் அவர்களுடைய குறை.

ஒரு கொப்பியில் நாள், காற்று, நீரோட்டம், இரை, பட்ட மீன் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். ஒன்றும் படாத நாளையும் எழுதுங்கள். ஒரு வருடம் எழுதினால் உங்கள் கரை உங்களுக்கு விளங்கத் தொடங்கும். போகும்போது வீட்டுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். மகளாக இருந்தாலும் சரிதான். என் மகளுக்கு ஒன்பது வயது. முடிச்சு என்னைவிட அவளுக்கு நன்றாக வருகிறது.