இட்லித் தட்டும் லோவர் ஆர்ம் புஷ்ஷும்

முன் சக்கரம் குழியில் இறங்கும்போது ‘டொக்’ என்று சத்தம் வந்தால், கோலாலம்பூர் செந்தூலில் எந்த ஃபோர்மனும் முதலில் டார்ச் அடித்துப் பார்க்கும் இடங்களில் ஒன்று லோவர் ஆர்ம் புஷ். உள்ளங்கையில் அடங்கும் சாமான் அது. வெளியே ஓர் இரும்பு வளையம், உள்ளே போல்ட் நுழையும் சிறு குழாய், இரண்டுக்கும் நடுவில் கறுப்பு ரப்பர். பழைய சாகா காருக்கோ கான்சில் காருக்கோ அது தேவைப்பட்டால் மூன்று வழி சொல்வார்கள். லேத் பட்டறையில் நைலானைக் கடைந்து போடலாம். இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றும் பாலியூரித்தேன் வாங்கி வீட்டிலேயே வார்க்கலாம். இல்லாவிட்டால் ஜாலான் ஈப்போ பக்கம் போய்ப் பெயர் பெற்ற பிராண்டைப் பெட்டியோடு வாங்கலாம்.

எதைச் செய்துகொள்வது, எதை வாங்குவது என்பதற்கு நான் ஒரே கேள்வியைத்தான் கேட்பேன். இந்தச் சாமானின் குணம் அதன் வடிவத்தில் இருக்கிறதா, அது வெந்த பதத்தில் இருக்கிறதா? வடிவத்தில் என்றால் செய்துகொள்ளுங்கள். பதத்தில் என்றால் வாங்குங்கள். புஷ் இரண்டாவது வகை. இட்லி அவிப்பதை வைத்து அதைப் பார்த்துவிடலாம்.

முதலில் அதன் வேலை. புஷ்ஷுக்குள் எதுவும் உருள்வதில்லை, வழுக்குவதுமில்லை. உட்குழாய் போல்ட்டோடு இறுகி அசையாமல் நிற்கிறது. வெளி வளையம், சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோவர் ஆர்மோடு சேர்ந்து திரும்புகிறது. சக்கரம் மேலும் கீழும் போகும் ஒவ்வொரு முறையும் நடுவிலுள்ள ரப்பர் முறுக்கிக்கொண்டு பழைய நிலைக்கு வருகிறது. பிரேக் போடும்போது சக்கரத்தைப் பின்னுக்கு இழுக்கும் விசையையும், வளைவில் பக்கவாட்டில் தள்ளும் விசையையும் அதே ரப்பர்தான் தாங்கவேண்டும். சில புஷ்களில் ரப்பருக்குள் பிறை வடிவத்தில் வெற்றிடம் விட்டிருப்பார்கள். ஒரு திசையில் மெத்தென்றும் மறு திசையில் கெட்டியாகவும் இருப்பதற்காக வேண்டுமென்றே விட்ட இடம் அது.

இனி மாவு. இயற்கை ரப்பர்தான் இங்கே அரிசி. அரிசி மாறினால் பதம் மாறும் என்பது வீட்டில் தெரிந்த சேதி. ரப்பரிலும் அப்படியே. நம்மவர்கள் பால்மரக் காட்டில் வெட்டியெடுத்த பாலுக்கு மலேசியா 1965-இல் எஸ்.எம்.ஆர். (தரப்படுத்திய மலேசிய ரப்பர்) என்ற தர முறையைக் கொண்டுவந்தது. ரப்பர் தாள் பார்வைக்கு எப்படி இருக்கிறது என்று பார்த்துத் தரம் பிரித்த காலம் போய், உள்ளே எவ்வளவு அழுக்கு இருக்கிறது என்பது போன்ற அளவுகளைச் சோதனையில் கண்டு தரம் பிரிக்கும் காலம் வந்தது. அந்த ரப்பரில் 100 பங்குக்கு ஏறத்தாழ 2 பங்கு கந்தகம், 40 பங்கு அளவில் கார்பன் கரி, 5 பங்கு துத்தநாக ஆக்சைடு, வேகத்தைக் கூட்டும் ரசாயனம், வெயிலாலும் ஓசோனாலும் வெடிக்காமல் காக்கும் ரசாயனம் எல்லாம் சேரும். கரி நன்றாகக் கலக்காமல் ஓரிடத்தில் கட்டிதட்டி நின்றால், பின்னாளில் விரிசல் அங்கேதான் தொடங்கும். கலந்த மாவைச் சற்று நேரம் ஆற வைத்த பிறகே அச்சில் அடைக்கிறார்கள்.

சுமார் 150 டிகிரியில் அச்சு மூடி அழுத்தும்போது கந்தகம் ரப்பரின் நீண்ட இழைகளை ஒன்றோடொன்று கட்டிப்போடுகிறது. அதற்கு முன் அது வழியும் மாவு. அதற்குப் பின், வெந்த இட்லியைத் திரும்ப மாவாக்க முடியாதது போல, அதையும் உருக்க முடியாது. 1839-இல் அமெரிக்காவில் சார்ல்ஸ் குட்இயர் கண்டது இதைத்தான். ரப்பர் வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் ஓரம் வெந்து நடு வேகாமல் நிற்கும். வீட்டில் ஈர்க்கால் குத்திப் பார்க்கிறோம். தொழிற்சாலையிலும் ஊசி முனையுள்ள கருவியை அழுத்தித்தான் கடினத்தை அளக்கிறார்கள். அந்த அளவுக்கு ஷோர் என்று பெயர். ஓரிடத்தில் இட்லிக் கணக்கு செல்லாது. இட்லி அதிகம் வெந்தால் வறண்டு கெட்டியாகும், இயற்கை ரப்பரோ கட்டிய கட்டுகள் அறுந்து இளகிப்போகும்.

இன்னொன்று, எனக்கு இதில் மிகவும் பிடித்தது. மாவு ஒட்டக்கூடாதென்று நாம் தட்டில் எண்ணெய் தடவுகிறோம், துணி போடுகிறோம். புஷ் செய்பவனுக்கு வேண்டியது நேர் எதிர். இரும்பு வளையத்தைச் சொரசொரப்பாக்கி, பிசுக்கு போகக் கழுவி, ஒட்டும் பூச்சு தடவி அச்சில் வைக்கிறான். ரப்பர் வேகும் சூட்டிலேயே இரும்போடு பிணைந்துவிடுகிறது. முறுக்கும் வேலை முழுவதும் இந்தப் பிணைப்பை நம்பித்தான் நடக்கிறது. பழைய டயரை வெட்டி வளையத்துக்குள் திணிப்பவர்களுக்கு இது கிடைக்காது.

லேத்தில் கடைந்த நைலான் புஷ் அளவில் அச்சு அசலாக இருக்கும். ஆனால் அது முறுக்காது, தேய்ந்துகொண்டே திரும்பும். கிரீஸ் காய்ந்து மண் புகுந்தால் கீச்சிடும். சாலையின் அதிர்வை ரப்பர் போல விழுங்காமல் பாடிக்கு அனுப்பும். பந்தயத்துக்கு ஓட்டுபவர் அந்தக் கெட்டித்தன்மையை விரும்பலாம், பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் காருக்கு அது வேண்டாம். பாலியூரித்தேன் அடுப்பில்லாமல் வேகும். இரண்டு திரவத்தின் விகிதம் சிறிது பிசகினால் ஒட்டலாக நிற்கும் அல்லது நொறுங்கும். காற்றின் ஈரம் பட்டால் உள்ளே வாயு உண்டாகிக் குமிழிகள் விடும், நம் ஊர் ஈரத்தில் அதைத் தடுப்பது கடினம். அந்தத் திரவத்திலுள்ள ஐசோசயனேட்டின் ஆவி நுரையீரலைக் கெடுக்கும், சமையலறை ஓரத்தில் வைத்து வார்க்கவே கூடாது.

கையால் செய்வதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது, அதுவும் செந்தூலில் வராது. 1900-களின் தொடக்கத்தில் மலாய் ஐக்கிய மாநிலங்களின் ரயில்வே தன் மத்திய பட்டறையை இங்கேதான் அமைத்தது. ஆயிரக்கணக்கானோர் வேலை செய்த அந்தப் பட்டறையில் தமிழர் கைகள் நிறைய. கடல் கடந்து வரும் ஓர் உதிரிக்காக இஞ்சினை வாரக்கணக்கில் நிறுத்த முடியாது. அதனால் இரும்பை உருக்கி வார்ப்பதும், உலையில் அடிப்பதும், கடைவதும் ஒரே வளாகத்தில் நடந்தன. ஜப்பானியர் ஆட்சியின்போது, 1945 பிப்ரவரியில் அமெரிக்காவின் பி-29 விமானங்கள் குறிவைத்துக் குண்டு போடும் அளவுக்கு அது முக்கியமான இடம். இன்று பட்டறை பத்து காஜாவுக்குப் போய்விட்டது. பழைய ரயில்வே கட்டடம் ஒன்றில் 2005 முதல் நாடக அரங்கு நடக்கிறது. அங்கே நடந்ததும் சொந்தத் தயாரிப்புதான். ஆனால் உலையும் அச்சும் மேற்பார்வையும் அதே மதிலுக்குள் இருந்தன, ‘வேக வைப்பது’ அவர்கள் கையிலேயே இருந்தது. தனி ஆளிடம் இருப்பது லேத்தும் கேலிப்பரும் மட்டும்.

லேத்தும் கேலிப்பரும் செய்யும் வேலையை நம்பிக் கொடுக்கலாம். பிராக்கெட், ஸ்பேசர், பம்பர் தாங்கி, ரேடியோ சட்டம், கடையில் கிடைக்காத பழைய காரின் கதவுப் பிடி, இவற்றில் வடிவம் சரியென்றால் காரியம் சரி. வீட்டு 3டி பிரிண்டரில் கிளிப் செய்பவர்கள் மட்டும் பொருளைப் பார்க்கவேண்டும். பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி அளவிலேயே இளகும், வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு அந்தச் சூட்டை எட்டிவிடும். பால் ஜாயின்ட், டை ராட், பிரேக் பேட், பிரேக் ஹோஸ் ஆகியவற்றைச் செய்து பார்க்க வேண்டாம். பால் ஜாயின்ட்டின் எஃகும் சூடாக்கி, குளிர்வித்து, பதப்படுத்தியது. பேட்டும் சூட்டில் அழுத்தி வெந்த கலவைதான். ஐரோப்பாவில் ஆர்90 விதிப்படி, மாற்று பேட் ஒரிஜினலின் திறனிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகக்கூடாது. அதை வீட்டில் எதை வைத்து அளப்பது?

பிராண்டுக்குக் கொடுக்கும் வெள்ளி பெயருக்கான விலை அல்ல. நேற்று வெந்ததும் இன்று வெந்ததும் ஒரே பதத்தில் இருக்கும் என்பதற்கான விலை. அதனால் பெட்டியை மட்டும் நம்பக்கூடாது. கடையில் ஓஇஎம் (கார் நிறுவனத்துக்கே செய்து கொடுப்பவரின் சாமான்), ஆர்இஎம் (மாற்று உதிரியாகச் செய்த சாமான்) என்று இரண்டும் காட்டுவார்கள், நல்ல நிறுவனம் செய்த ஆர்இஎம் போதுமானதே. போலியும் உண்டு. பெட்டியிலுள்ள எண்ணும் சாமானில் உள்ள எண்ணும் ஒத்துப்போகிறதா பாருங்கள். ரப்பர் இரும்பைச் சந்திக்கும் விளிம்பில் நகம் நுழையும் இடைவெளி இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மாட்டும்போது ஃபோர்மனிடம் ஒன்று சொல்லுங்கள். கார் ஜேக்கில் தொங்கும்போதே போல்ட்டை முழுதாக இறுக்கினால், தரையில் இறங்கியதும் ரப்பர் நாள் முழுக்க முறுக்கிய நிலையிலேயே நிற்கும், நல்ல பிராண்டும் சீக்கிரம் கிழியும். பாதி முடுக்கி, சக்கரத்தில் காரின் பாரம் இறங்கிய பிறகு டார்க் ரெஞ்சால் இறுக்கவேண்டும். அன்றைக்கே அலைன்மென்டும் பார்த்துவிடுங்கள்.