மண்டப முகாமும் மடிக்கணினியும்

மன்னாரிலிருந்து என் மருமகளுடன் வெளியூர்ப் பல்கலைக்கழகமொன்றுக்குச் சென்றிருந்தேன். நள்ளிரவுக்குள் அவள் கட்டுரை அனுப்பியாக வேண்டும். மடிக்கணினியோ வளாகத்துக் கம்பியில்லா வலையில் சேர மறுத்தது.

"மாமா, 'எடுரோம்' எண்டு பெயர் தெரியுது, கடவுச்சொல்லும் சரிதான்" என்று கலங்கினாள்.

2002 இல் நெதர்லாந்தில் முளைத்த ஏற்பாடு அது. இலங்கையில் 'லேர்ன்' எனும் கல்வி வலையமைப்பு அதனை நடத்துகிறது. வந்த மாணவரை இவ்வளாகம் சோதிப்பதில்லை. அவருடைய சொந்தப் பல்கலைக்கழகத்தையே வினவுகிறது. எனக்குத் தலைமன்னார்க் கப்பல் நினைவில் எழுந்தது. 1914 இல் தொடங்கிய அப்பயணத்துக்கு வரும் தோட்டத் தொழிலாளரை, இலங்கை அரசு அக்கரையில், மண்டபத்திலேயே முகாம் அமைத்துச் சோதித்தது. இங்கு நுழைவோருக்குச் சோதனை அங்கே! ஆயினும் அம்முகாமில் மனிதர் நாள்கணக்கில் அடைபட்டுக் கிடந்தனர். ஒப்புமை அவ்வளவோடு நிற்கட்டும்.

பிழை சிறிதே. பெயரை மட்டும் இட்டாள். '@' குறியையும் தன் பல்கலைக்கழக முகவரியையும் விட்டுவிட்டாள். ஊர்ப்பெயரில்லாக் கடிதம் எங்கே சேரும்?

திருத்தியதும், ஒரு சான்றிதழை நம்பலாமா என்று கணினி கேட்டது. "ஆம்" என அழுத்தப் போனவளைத் தடுத்தேன். 'எடுரோம்' என்ற பெயரை எவனும் சூட்டிக்கொண்டு கடவுச்சொல்லைக் கவரக் கூடுமன்றோ? தன் பல்கலைக்கழகம் தந்த குறிப்பைக் கைப்பேசியில் தேடி, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டாள்.

பதினொன்றரைக்குக் கட்டுரை சென்றது.