மூலக்கூறும் அதன் சூழலும்

ராஜபாளையம் நூற்பாலைகளில் காற்றின் ஈரப்பதத்தை அளந்து காப்பது அன்றாடப் பணி. காற்று வறண்டால் இழையில் நிலைமின்சாரம் சேரும், நூல் அறுபடும். பஞ்சு மாறவில்லை, சூழலே மாறியது. இழையைவிட ஆயிரக்கணக்கான மடங்கு நுண்ணிய ஒற்றை மூலக்கூறிலும் சூழலின் ஆட்சி நிலவுவதை இந்நூற்றாண்டின் ஆய்வுகள் காட்டியுள்ளன.

மூலக்கூறுக்கு இன்றைய அரபியில் ‘ஜுஸைஉ’ என்று பெயர். திருக்குர்ஆனின் பாகத்தைக் குறிக்க நாம் வழங்கும் ‘ஜுஸ்உ’ என்பதன் தஸ்கீர் வடிவம் அது. சிறு பகுதி என்பது பொருள். அத்தகைய ஒன்றின் வழியே பாயும் மின்சாரத்தை அளப்பது எவ்வாறு? தங்க ஊசிமுனையைத் தங்கப் பரப்பில் தொடச்செய்து மெல்ல விலக்குவர். தொடர்பு அறும் இடைவெளியில் ஒரு மூலக்கூறு பாலமாய் நிற்கும். இதனை ஆயிரக்கணக்கான முறை செய்து கணக்கிடுவர்.

2009இல் லிவர்பூல், லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தயோஃபீன் வளையங்கள் கோத்த மூலக்கூறுகளை ஆராய்ந்தனர். அவற்றுள் மிக நீண்டதைச் சுற்றிப் பத்தே நீர் மூலக்கூறுகள் சூழ்ந்தபோது மின்கடத்தல் நூறு மடங்குக்கு மேல் உயர்ந்தது. 2011இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இந்திய வம்சாவளி இயற்பியலாளர் லதா வெங்கட்ராமனின் குழுவினர், கரைப்பானை மாற்றியே ஒரு மூலக்கூறின் மின்கடத்தலை 50 விழுக்காடு வரை மாற்றிக் காட்டினர். கரைப்பானின் துகள்கள் பாலம் ஊன்றிய இடத்தருகே தங்கத்தில் ஒட்டுகின்றன; தங்கத்தின் ஆற்றல்மட்டம் மூலக்கூறின் ஆற்றல்மட்டத்தை நெருங்குகிறது; எலக்ட்ரான் கடப்பது எளிதாகிறது. 2015இல் அக்குழுவினர், இருபுறமும் ஒத்த மூலக்கூறை அயனிக் கரைசலில் பரப்பு வேறுபட்ட இரு மின்முனைகளுக்கிடையே நிறுத்தி, ஒரு திசையில் மறுதிசையைவிட 200 மடங்குக்கு மேல் மின்சாரம் பாயச் செய்தனர்.

ஆகவே, சூழலைக் கூறாது ‘இதன் மின்கடத்தல் இவ்வளவு’ என்பது அரைகுறைச் செய்தி. அரபி பயில்வோர்க்கு இது புதிதன்று. ‘ஸியாக்’ எனும் சூழமைவை விட்டுச் சொல்லுக்குப் பொருள் காண்பதைத் தஃப்ஸீர் அறிஞர்கள் ஏற்பதில்லை. ஸூரத்துஸ் ஸில்ஸாலில் வரும் ‘தர்ரா’வுக்குச் சிற்றெறும்பு, வெயிற்கதிரில் மிதக்கும் தூசு என முன்னோர் பொருள் கூறினர். இன்றைய அரபி அச்சொல்லை அணுவுக்கு வழங்குவதைக் கொண்டு, அணுவியலையே அவ்வசனத்தில் ஏற்றுவோர் உளர். அது வசனத்துக்குப் பெருமை சேர்க்காது. அறிவியலுக்கும் நீதி செய்யாது. நன்மையோ தீமையோ, மிகச் சிறிதும் கணக்கில் வரும் என்பதே அங்குள்ள எச்சரிக்கை. பத்து நீர் மூலக்கூறுகளையும் கணக்கில் விடாத ஆய்வாளரின் கவனம், வசனத்தை ஓதும் நமக்கும் கடமையாகும்.