கை நடுக்கம் நின்றது, ஓட்டம் நிற்கவில்லை!

எங்கள் வீட்டில் முதல் படிப்பாளியான எனக்குக் கேமராவே புதுசு. விளையாட்டு விழா 100 மீட்டர் ஓட்டத்தில், "ஊர்ல அம்மாவுக்குக் காட்டணும்டா, என்னைப் பிடிச்சிடு" என்றான் அறை நண்பன். இரவல் லென்ஸில் ஸ்டெபிலைசர் இருக்கே என்ற தைரியத்தில் 1/60 நொடியில் எடுத்தேன். பந்தல் கால் பளிச்! ஓடினவன் முகம் வெறும் தீற்றலாகிப் போச்சு.

லென்ஸுக்குள் இருக்கும் கைரோ சென்சார் நம் கை நடுக்கத்தை உணர்ந்ததும், ஒரு கண்ணாடித் தொகுதி எதிர்ப்பக்கம் நகர்ந்து ஈடுகட்டும். எஸ்.எல்.ஆர். கேமராவுக்கு 1995-ல் கேனான் 75-300 லென்ஸில் வந்த வித்தை இது. ஓடுகிறவன் காலை அது எப்படிப் பிடிக்கும்? அதற்கு 1/1000 நொடி ஷட்டர் வேணும். வெளிச்சம் போதாவிட்டால் ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டணும். ஓட்டத்தோடு கேமராவையும் திருப்பி எடுப்பதென்றால் 'மோடு 2'. அது மேல்கீழ் ஆட்டத்தை மட்டும் அடக்கும்.

இதெல்லாம் பிறகு தெரிந்தது. அவன் அம்மா இன்னும் படம் கேட்கிறாராம்.