மின்சாரப் பிரஷ் வாங்கலாமா?

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். சொல் மட்டுமா போகிறது? முறுக்கும் கரும்பும் கூடவே போய்விடுகின்றன! அதனால்தான் நம் பெரியவர்கள் பல் விஷயத்தில் மிகுந்த சிரத்தை காட்டினார்கள். ஆரணி ஆற்றங்கரையிலுள்ள ஊத்துக்கோட்டை வட்டாரத்தில் வேப்பங்குச்சிக்கும் ஆலங்குச்சிக்கும் என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. பிறகு பல்பொடி வந்தது. பற்பசையும் பிரஷும் வந்தன. இப்போது மின்சாரப் பிரஷ் வந்திருக்கிறது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை பார்க்கும் பிள்ளை, வயதான தகப்பனாருக்கு ஒன்று வாங்கித் தரலாமா என்று யோசிக்கலாம். விலையோ சில நூறு ரூபாயில் தொடங்கிப் பத்தாயிரத்தையும் தாண்டுகிறது. பணத்தைக் கொடுக்குமுன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

பிறந்த கதை

இந்தக் கருவி 1954-ஆம் ஆண்டில் சுவிட்ஸர்லாந்தில் பிறந்தது. டாக்டர் பிலிப் கீ வூக் என்பவர் உருவாக்கிய இதற்கு ‘பிராக்ஸோடென்ட்’ என்று பெயர். பணக்காரர் வீட்டு ஆடம்பரத்துக்காக அவர் இதைச் செய்யவில்லை. கை சரிவர இயங்காத நோயாளிகளுக்கும், பல்லில் கம்பி கட்டியவர்களுக்குமே முதலில் உத்தேசித்தார். 1960-ல் அது அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. மறு ஆண்டே ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி ஒயர் இல்லாத பிரஷை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

உண்மையில் லாபம் உண்டா?

உண்டு, ஆனால் விளம்பரம் சொல்லுமளவுக்கு இல்லை. 56 பரிசோதனைகளைத் திரட்டி ஆராய்ந்த காக்ரேன் குழுவினர் 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். மூன்று மாதங்களுக்கு மேல் உபயோகித்தவர்களுக்கு, சாதாரணப் பிரஷைவிடப் பல்லில் படியும் அழுக்கு 21 சதவிகிதமும், ஈறு வீக்கம் 11 சதவிகிதமும் குறைவாக இருந்தன. கையால் நன்றாகத் துலக்குகிறவர் இதற்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை என்பது இதிலிருந்தே விளங்கும்.

யாருக்குப் பயன்படும்?

கீல்வாதத்தால் விரல் மடங்காதவர், பக்கவாதம் கண்டவர், கை நடுங்கும் முதியவர், இவர்களுக்குப் பணிவிடை செய்வோர் ஆகியோருக்கு இது பெரிய உதவி. நீரிழிவு உள்ளவர்களுக்கு ஈறு நோய் எளிதில் வரும், அவர்களும் யோசிக்கலாம். பாத்திரம் தேய்ப்பதுபோல் பல்லைத் தேய்த்து ஈறு கீழிறங்கப் பெற்றவர்களுக்கு, அழுத்தினால் எச்சரிக்கும் வகை ஏற்றது. இருதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் டாக்டரைக் கேட்காமல் வாங்கக் கூடாது.

எதைப் பார்த்து வாங்குவது?

சிறிய வட்டத் தலை இப்படியும் அப்படியும் சுழலும் வகை ஒன்று. நீளத் தலை அதிவேகமாக அதிரும் வகை மற்றொன்று. இரண்டும் நல்லவையே. பார்க்க வேண்டியவை நான்கு: மிருதுவான தூரிகை, இரண்டு நிமிஷம் காட்டும் கடிகாரம், அழுத்தத்துக்கு எச்சரிக்கை, மாற்றுத் தலை கிடைக்கும் வசதி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலையை மாற்ற வேண்டும். ஆகவே ஓர் ஆண்டுக்கு நான்கு தலைகளின் விலையையும் கூட்டிப் பார்த்த பிறகே பேரம் மலிவா என்று தீர்மானியுங்கள். பல பொத்தான்களுக்கும் கைப்பேசி இணைப்புக்கும் கொடுக்கும் பணம் பல்லுக்குச் சேராது.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த பரிசா? சார்ஜரின் அடியில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. அங்குள்ள மின்சாரத்துக்கு மட்டும் ஏற்றதென்றால், நம் வீட்டுப் பிளக்கில் செருகினால் கெட்டுவிடும்.

உபயோகிக்கும் முறை

பிரஷை வாயில் வைத்த பிறகே பொத்தானை அழுத்துங்கள்; இல்லாவிட்டால் பசை சட்டையெல்லாம் தெறிக்கும். ஃபுளோரைடு கலந்த பசை பட்டாணியளவு போதும். ஈறும் பல்லும் சேரும் இடத்தில் சற்றுச் சாய்வாக வைத்து, ஒவ்வொரு பல்லாக மெதுவாக நகர்த்துங்கள். தேய்க்க வேண்டாம், தேய்ப்பது இயந்திரத்தின் வேலை. மேலும் கீழும், வலமும் இடமுமாக வாயை நான்கு பாகமாக்கி, பாகத்துக்கு முப்பது விநாடி கொடுங்கள். உட்புறத்தை மறக்கக் கூடாது. முடிந்ததும் தலையைக் கழற்றி, கைப்பிடியையும் அலம்பி, ஈரம் உலர வையுங்கள். ஒரு கைப்பிடியைப் பலர் உபயோகிக்கலாம். தலை மட்டும் ஆளுக்கு ஒன்று.

காலையில் ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறை துலக்க வேண்டும். படுக்கும் முன் என்றால் இரவு பத்து மணி என்று அர்த்தமல்ல. இரவு ஷிப்டு முடிந்து காலை எட்டு மணிக்குப் படுப்பவருக்கு அந்த எட்டு மணிதான் இரவு! களைப்பில் அப்படியே சாய்ந்துவிட்டால், தேநீரின் சர்க்கரை தூக்கம் முழுவதும் பல்லிலேயே தங்கிவிடும்.

ஈறில் ரத்தம் கசிந்தால் துலக்குவதை நிறுத்தாதீர்கள். அது சில நாளில் நிற்காவிட்டால் பல் டாக்டரிடம் காட்டுங்கள். வெற்றிலையோடு புகையிலை அடக்கும் வழக்கத்தினால் வரும் கேட்டை எந்த இயந்திரமும் துடைக்காது.

கை நன்றாக இருப்பவருக்குச் சாதாரணப் பிரஷும் நாலு நிமிஷமும் போதும். கை தளர்ந்த தகப்பனாருக்கோ, பிறர் தயவின்றித் தாமே பல் துலக்கிக்கொள்வது ஒரு கௌரவம். அதற்காகச் செலவிடும் பணம் வீண்போகாது.